அம்பு எங்கே தொடங்குகிறது: சிறு குழுவுக்கு ஓர் எளிய படக்குறி முறை

தேயிலைத் தோட்டக் கணக்குக்கு மென்பொருள் செய்யும் குழு என்றால் அட்டனிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ நாலைந்து பேர்தான். நிரல் எழுத இருவர், சோதிக்க ஒருவர், தோட்டத்துக்கும் அறைக்கும் நடுவே ஓடித் திரிய ஒருவர். மேசையின் மறுபக்கம் பெரிய கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும். கொழுந்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுத்த கிலோ, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறிச் சம்பளச் சீட்டாக வெளியே வரும்வரை என்ன நடக்கிறது என்பதை இந்த ஆறேழு பேரும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் படம்.

கம்பஸில் படித்த யூஎம்எல்லை, அதாவது மென்பொருளைப் படமாக வரையும் பொதுக் குறிமுறையை, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இந்த மேசையில் அது நிற்பதில்லை. பூச், ரம்போ, ஜேக்கப்சன் ஆகிய மூவரும் தனித்தனியே வைத்திருந்த முறைகளை ஒன்றாக்கி, 1997இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு ஏற்றுக்கொண்ட தரம் அது. 2017 டிசம்பரில் வந்த 2.5.1 பதிப்பில் 14 வகைப் படங்கள் உண்டு. ஆவணம் 800 பக்கத்தை நெருங்குகிறது. எல்லாவிதமான மென்பொருளையும் வரைய வேண்டும் என்று செய்யப்பட்டதால் அது பெரிது. மரியன் பேத்ரே 2013இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி கண்ட 50 மென்பொருளாளர்களில் 35 பேர் அதைத் தொடுவதே இல்லை என்றார்கள். 11 பேர் வேண்டிய துண்டை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

பக்கங்களின் எண்ணிக்கையைவிட நமக்குப் பெரிய இடைஞ்சல், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் குறிகள். தலை நிரப்பிய அம்பு என்றால் கேட்டுவிட்டுக் காத்திருப்பது, தலை திறந்த அம்பு என்றால் அனுப்பிவிட்டுப் போய்விடுவது. கையால் வரைந்து போட்டோகொப்பி எடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். விட்டுவிட்டுப் போகும் கோடு ஒரு படத்தில் சார்பு, இன்னொரு படத்தில் திரும்பி வரும் பதில். ஒன்று இன்னொன்றின் பகுதி என்று காட்டும் வெற்று வைரக் குறிக்கு வந்தால், அதன் துல்லியமான பொருள் துறைக்கும் வரைபவருக்கும் ஏற்ப மாறும் என்று தர ஆவணமே சொல்கிறது. அப்படியொரு குறியை கணக்கப்பிள்ளைக்கு முன்னால் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அதற்காக மனம்போனபடி பெட்டியும் அம்பும் போடுவது இதைவிட மோசம். யூஎம்எல் தெரியாதவர் தனக்குத் தெரியாது என்றாவது சொல்வார். வெறும் பெட்டி அம்புப் படத்தைப் பார்க்கும் எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். ஆளுக்கொரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். பிழை தெரியவருவது சம்பளம் போடும்போது.

முதலில் கேள்விகள்

குறிகளை வரைய உட்காருவதற்கு முன், இரண்டு மூன்று கூட்டங்களில் எழும் கேள்விகளை ஒரு கொப்பியில் கேட்டபடியே எழுதிவையுங்கள். சிக்னல் இல்லாத மலையில் நிறுத்தால் கிலோ எங்கே இருக்கும்? ஒரே கூடை இரண்டு தரம் ஏறினால் யாருக்குத் தெரியும்? பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போட்டபிறகு கிலோவை யார் திருத்தலாம்? பகல் நிறுவையில் தண்ணீருக்குக் கழித்தது சீட்டில் தெரியுமா? முப்பது நாற்பது கேள்வி சேர்ந்ததும் பாருங்கள், அவை மூன்று குவியலாகப் பிரியும். யார், எது உள்ளே, எது வெளியே என்பது ஒன்று. ஒரு நிகழ்வு நடக்கும்போது எதற்குப் பின் எது என்பது இன்னொன்று. ஒரு பதிவு பிறந்தது முதல் பூட்டப்படும்வரை எந்தெந்த நிலையில் இருக்கும் என்பது மூன்றாவது. ஆகவே மூன்று வகைத் தாள்: எல்லைத் தாள், நிகழ்வுத் தாள், நிலைத் தாள். எந்தக் குவியலிலும் சேராத கேள்விக்குப் படம் வேண்டாம், ஒரு வரி எழுத்துப் போதும்.

ஒவ்வொரு தாளின் தலைப்பும் அது பதில் சொல்லும் கேள்வியாகவே இருக்கட்டும். “அமைப்புக் கட்டமைப்பு” என்று தலைப்பிட்ட தாளில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். “சிக்னல் இல்லாதபோது மாலை நிறுவை எப்படி அலுவலகம் வந்து சேர்கிறது?” என்று தலைப்பிட்டால், அந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத பெட்டி தானாகவே உறுத்தும்.

குறிகள்

ஒரு தாளை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, இடப்பக்கம் சொல்ல வேண்டிய கருத்துகளையும் வலப்பக்கம் குறிகளையும் எழுதுங்கள். டேனியல் மூடி 2009இல் படக்குறிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சோதனையை ஒழுங்காக வகுத்திருக்கிறார். ஒரு கருத்துக்கு இரண்டு குறி இருக்கக்கூடாது. ஒரு குறிக்கு இரண்டு கருத்து இருக்கக்கூடாது. கருத்தில்லாத குறி வேண்டாம். குறியில்லாத கருத்து எது என்பது தெரிந்திருக்க வேண்டும். நான்காவதில் மட்டும் தாராளமாக இருங்கள். எல்லாக் கருத்துக்கும் குறி செய்யப் போனால் மறுபடி 800 பக்கம்தான்.

எங்கள் பக்கத்து வேலைக்கு எல்லைத் தாளிலும் நிகழ்வுத் தாளிலும் ஏழு குறிகள் போதுமாக இருக்கின்றன. மனிதருக்கு வட்டம், கீழே அவருடைய வேலைப் பெயர். நாம் எழுதும் நிரலுக்குச் செவ்வகப் பெட்டி. நமக்கு வெளியே உள்ள அமைப்புக்கு, அதாவது வங்கி, எஸ்எம்எஸ் நிறுவனம், தராசுக்குள் இருக்கும் மென்பொருள் போன்றவற்றுக்கு, மூலையில் ஒரு சாய்கோடு இழுத்த பெட்டி. தகவல் தங்கும் இடத்துக்கு உருளை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதற்கு முழுக்கோட்டு அம்பு. அனுப்பிவிட்டுப் போய்விடுவதற்கு விட்டுவிட்டுப் போகும் கோட்டு அம்பு. இன்னும் தீர்மானிக்காததற்கு ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் எண். நிலைத் தாளுக்கு மட்டும் தனியாக இரண்டு: நிலைக்கு முட்டை வடிவம், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு இரட்டைக் கோட்டு அம்பு.

வெளி அமைப்புக்கு விட்டுவிட்ட கோட்டில் பெட்டி போடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். போடக்கூடாது. விட்டுவிட்ட கோடு “காத்திருக்கவில்லை” என்ற பொருளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. பெட்டியிலும் அதே கோடு வந்தால், வங்கி நமக்குப் பதில் சொல்லாது என்று சிலர் வாசிப்பார்கள். இரட்டைக் கோடும் நிலை அம்புக்குப் போய்விட்டதால் வெளிப்பெட்டிக்குக் கிடைத்தது சாய்கோடு. ஒரு கோட்டு வகைக்கு ஒரு பொருள் என்பதை அம்பு, பெட்டி எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்குப் பொருள் கொடுக்க வேண்டாம். தோட்ட அலுவலகத்தில் கிடைப்பது கறுப்பு வெள்ளைப் பிரதி. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். அழகுக்கு நிறம் பூசலாம், நிறத்தை எடுத்தாலும் தாள் அதையே சொல்ல வேண்டும். கையால் வரையும்போது போல்பொயின்ட் பேனையே நல்லது. மழைக்காலத்து ஈரத்தில் ஜெல் பேனை ஊறி, விட்டுவிட்ட கோடு முழுக்கோடாகிவிடும்.

ஒரு தாளில் ஒன்பது பெட்டிக்கு மேல் போகக்கூடாது என்பதற்குக் காரணம் தாளின் அளவு. ஏ4 தாளைப் படுக்க வைத்தால் 29.7 சென்டிமீற்றர் அகலம், 21 உயரம். தமிழில் இரண்டு மூன்று சொல் எழுதப் பெட்டி 5 சென்டிமீற்றர் அகலமும் 2.5 உயரமும் வேண்டும். அம்பின் மேல் வினைச்சொல் எழுதப் பெட்டிகளுக்கு நடுவே 4.5 சென்டிமீற்றர் விட வேண்டும். வரிசைக்கு மூன்று பெட்டி வைத்தால் 24 சென்டிமீற்றர், மிச்சம் ஓரத்துக்கு. மூன்று வரிசை, நடுவே 3.5 இடைவெளி என்றால் 14.5, தலைப்புக்கும் கீழே குறிவிளக்கத்துக்கும் 6.5 மிஞ்சும். பத்தாவது பெட்டி வந்தால் அம்பின் மேலுள்ள எழுத்து காணாமற்போகும், அந்த எழுத்து போனால் படமே போனதுபோலத்தான். அம்புகள் 12க்குள் நிற்கட்டும்.

அம்புகள்

பெட்டியில் யாரும் பெரிதாகக் குழம்புவதில்லை. குழப்பம் எல்லாம் அம்பில். போன் செயலி தராசிலிருந்து நிறையை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகவல் தராசிலிருந்து போனுக்கு வருவதால் ஒருவர் தராசிலிருந்து போனுக்கு அம்பு போடுவார். போன்தான் கேட்கிறது என்பதால் இன்னொருவர் போனிலிருந்து தராசுக்குப் போடுவார். இருவர் சொல்வதும் நியாயம், இரண்டும் ஒரே தாளில் கலந்தால் தாள் வீண்.

எங்கள் தீர்மானம்: யார் தொடங்குகிறாரோ அவரிடமிருந்து அம்பு தொடங்கும். தகவல் எந்தப் பக்கம் போகிறது என்பதை வினைச்சொல் சொல்லிவிடும். “நிறையைக் கேட்கிறது” என்றால் தகவல் திரும்பி வருகிறது, “நிறையை அனுப்புகிறது” என்றால் முன்னே போகிறது. இந்த விதியைத் தேர்ந்ததற்குக் காரணம் வேலையில் இருக்கிறது. இணைப்பு அறுந்தால் மறுபடி முயல வேண்டியவர், தொடங்கியவர். நேரம் எண்ண வேண்டியவரும் தோல்வியைத் திரையில் காட்ட வேண்டியவரும் அவரே. அம்பின் வாலைப் பார்த்ததும், மறுமுயற்சிக்கான நிரல் எந்தப் பெட்டிக்குள் எழுதப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. தகவல் போகும் திசையில் அம்பு போட்டிருந்தால் இது தெரியாது.

அடுத்து, அம்பு வகைக்கு ஏற்ப எழுத வேண்டியவை. முழுக்கோட்டு அம்பின் மேல் வினைச்சொல். பக்கத்தில் எத்தனை வினாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் என்ன. “10 வி., பிறகு கையால் பதிவு” என்றால் போதும். விட்டுவிட்ட அம்புக்கு இரண்டு குறிப்பு. வாலில், செய்தி போகும்வரை எங்கே தங்கியிருக்கும். தலையில், ஒரே செய்தி இரண்டு தரம் வந்தால் என்ன ஆகும். இந்த இரண்டையும் எழுதாத விட்டுவிட்ட அம்பை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மாலை நிறுவையைப் பார்க்கலாம். மேல் மலையில் சிக்னல் இல்லை. கணக்கப்பிள்ளை மடுவத்தில் நிறுத்து, தண்ணீருக்கும் கூடைக்கும் கழித்து, போனில் போடுகிறார். பதிவு போனுக்குள் உருளையில் தங்குகிறது. பாதைக்கு இறங்கியதும் சிக்னல் கிடைத்து, போன் அதை அலுவலகச் சேவையகத்துக்கு அனுப்புகிறது. சேவையகம் ஏற்றுக்கொண்டு “கிடைத்தது” என்று திருப்பிச் சொல்லும் நேரத்தில் வளைவில் சிக்னல் போய்விடுகிறது. போனுக்கு அந்தப் பதில் வந்து சேரவில்லை, ஆகவே அது மறுபடி அனுப்பும். இப்போது ஒரு தொழிலாளிக்கு 14 கிலோ இரண்டு தரம் ஏறுகிறது. விட்டுவிட்ட அம்பின் தலையில் “இரண்டு தரம் வந்தால்?” என்று எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால் இந்தக் கேள்வி படம் வரையும் நாளிலேயே எழும். விடையும் அங்கேயே கிடைக்கும்: பதிவு எண்ணைச் சேவையகம் கொடுக்காமல், நிறுக்கும் கணத்திலேயே போன் உருவாக்க வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சேவையகம் அதைச் சேர்க்காமல் “கிடைத்தது” என்று மட்டும் சொல்ல வேண்டும். தொழிலாளி, திகதி, நிறுவை நேரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டைப் பதிவு என்று கொள்ளலாமே என்பார்கள். கொள்ள முடியாது, ஒருவர் ஒரே நிறுவையில் இரண்டு கூடை கொண்டுவருவது சாதாரணம்.

நிகழ்வுத் தாளில் அம்புகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். எல்லைத் தாளில் ஒரு பெட்டி எந்த மூலையில் இருந்ததோ, நிகழ்வுத் தாளிலும் அதே மூலையில் இருக்கட்டும். போன் எப்போதும் இடப்பக்கம், சேவையகம் நடுவில், வெளி அமைப்புகள் வலப்பக்கம். நாலு தாளை அடுத்தடுத்துப் பார்ப்பவர் பெட்டியைத் தேடாமல் அம்பைத் தேடுவார். 12க்கு மேல் அம்பு வந்துவிட்டது, பிரிக்கவும் முடியவில்லை என்றால் யூஎம்எல்லின் வரிசைப் படத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே நேரம் ஓடும் அந்த அமைப்பு நன்றாக யோசித்துச் செய்தது. நம் அம்பு விதிகளை அதிலும் வைத்துக்கொள்ளலாம்.

நிலைத் தாள்

பணம் சம்பந்தப்பட்ட வேலையில் மூன்று தாளில் ஒன்றுதான் வரைய நேரம் இருக்கிறது என்றால் இதை வரையுங்கள். நிறைப் பதிவுக்கு நாலு நிலை: போனில் இருக்கிறது, மடுவக் கணக்கோடு ஒத்துப்பார்த்தது, செக்ரோலில் ஏறியது, மாதம் பூட்டியது. ஒவ்வொரு இரட்டைக் கோட்டு அம்பின் மேலும் யார், என்ன செய்ததால் என்று எழுத வேண்டும். “கிளாக்கர் ஒப்புதல் கொடுத்தார்” என்றால் சரி. “ஒப்புதல்” என்று மட்டும் இருந்தால் யாருடையது என்ற சண்டை பின்னால் வரும்.

படத்தில் தெரிவது இருக்கும் அம்புகள் மட்டுமே. இல்லாத அம்பைக் கண்டுபிடிக்க, பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள்: நிலைகள் இடப்பக்கம், நிகழ்வுகள் மேலே. நாலு நிலை, ஐந்து நிகழ்வு என்றால் 20 அறை. ஒவ்வொரு அறையிலும் அடுத்த நிலை, அல்லது “நடக்காது”, அல்லது கேள்விக்குறி. வெற்றறை விடக்கூடாது. மாதம் பூட்டியபின் திருத்தம் என்ற அறையில்தான் எல்லோரும் நிற்பார்கள். பூட்டைத் திறந்து பழைய கிலோவை மாற்ற விட்டால், கொடுத்த சீட்டும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அந்த அறையில் வர வேண்டியது “நடக்காது, அடுத்த மாதத்தில் திருத்தப் பதிவு”. அந்தத் திருத்தப் பதிவுக்கும் ஒரு நிலைத் தாள் வேண்டும்.

நிலைகள் எட்டுக்கு மேல் போய், ஒரே அம்பு எல்லா நிலையிலிருந்தும் “ரத்து”க்குப் போகிறது என்றால், நிலைக்குள் நிலை வைக்கும் முறையை டேவிட் ஹாரல் 1987இலேயே கொடுத்துவிட்டார். பெரிய முட்டைக்குள் சிறியவற்றை வைத்து, வெளி முட்டையிலிருந்து ஒரே அம்பு. புதுக்குறி தேவையில்லை.

சம்பள விதிகளை மட்டும் படமாக வரையாதீர்கள். அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ எடுத்தாரா, முழு நேரம் நின்றாரா, ஞாயிறோ போயாவோ என்ற மூன்று கேள்விக்கு எட்டு விதமான விடைச் சேர்க்கை உண்டு. வைரக் குறி போட்டுக் கிளை பிரித்தால் தாள் நிறைந்துவிடும், ஏதாவது ஒரு கிளை தவறியும் போகும். எட்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போட்டால் முழுப் பேரா, அரைப் பேரா, மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு நெடுவரிசையின் கீழும் வந்துவிடும். ரூபாய்த் தொகையை அங்கேயும் எழுத வேண்டாம். கூலி மாறும், மென்பொருளின் அமைப்புத் தகவலில் (செட்டிங்ஸில்) நடைமுறைக்கு வரும் திகதியோடு அது தனியே இருக்கட்டும்.

வாசித்துச் சோதித்தல்

குறி நன்றாக இருக்கிறதா என்பதை வரைபவரிடம் கேட்டுப் பயனில்லை. கூட்டத்தில் இல்லாத நாலைந்து பேரிடம் தாளைக் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். குறிவிளக்கத்தைத் தவிர வேறெதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், தடுமாறினாலும் உதவாதீர்கள். ஒருவர் மட்டும் தவறாக வாசித்தால் எழுத்தைத் திருத்துங்கள். இருவர் ஒரே மாதிரித் தவறாக வாசித்தால் குறியை மாற்றுங்கள். தோட்டத்து ஆள் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். இன்னொரு சோதனை நேர்மாறானது: “அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் போவதை எப்படி வரைவீர்கள்?” என்று பேனையைக் கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலோர் வரைவது நம் குறிக்குக் கிட்ட இருந்தால் நிம்மதி.

அடையாளச் சொற்களை மக்கள் சொல்வதுபோல வையுங்கள்: செக்ரோல், மடுவம், பேர். தரவுத்தள அட்டவணையின் பெயரை ஆங்கிலத்தில் சிறிதாகக் கீழே எழுதினால் நிரலில் தேட வசதி.

கணினியில்

கையால் வரைந்தது ஓரளவு நிலைத்தபின் எழுத்தைப் படமாக்கும் கருவிகளான மெர்மெய்ட் அல்லது பிளாண்ட்யூஎம்எல் எழுத்தாக மாற்றி, நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) வையுங்கள். எந்த வரி எப்போது மாறியது என்று பார்க்கலாம். தமிழுக்கு இரண்டு இடத்தில் தட்டும். ஒன்று எழுத்துரு. பெட்டியின் அகலத்தை ஒரு கணினி ஓர் எழுத்துருவில் அளந்து, இன்னொரு கணினி வேறு எழுத்துருவில் காட்டினால் எழுத்து பெட்டிக்கு வெளியே வழியும். எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எல்லாக் கணினியிலும் நிறுவி, கோப்பிலேயே பெயர் குறிப்பிடுங்கள். அனுப்புவதற்கு எஸ்விஜி படக்கோப்பைவிட பிஎன்ஜி படக்கோப்பு பாதுகாப்பு, எழுத்து படமாகவே போய்விடும். இரண்டாவது, மெர்மெய்டில் பெட்டியின் உட்பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழ்த் தலைப்பை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். ‘எண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்தில் பெட்டிப் பெயராக வைத்தால் ஓட்டப் படம் உடைந்துவிடும். மூலைச் சாய்கோடு எல்லாக் கருவியிலும் தயாராகக் கிடைக்காது. தலைப்பின் முன்னால் ஒரு சாய்கோட்டை எழுத்தாகவே போட்டுச் சமாளிக்கலாம்.

முறை பழக்கத்துக்கு வந்ததும் புதுக் குறி கேட்டு ஆட்கள் வருவார்கள். கடவுச்சொல் வேண்டிய அம்புக்குப் பூட்டு, தினமும் ஓடும் வேலைக்குக் கடிகாரம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். முதலில் அதை எழுத்தில் எழுதுங்கள்; மூன்று வேறு தாள்களில் அதே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் குறியாக்குங்கள், அப்போதும் பழையதொன்றை எடுத்துவிட்டுத்தான். குறிவிளக்கம் தாளின் கீழே 6.5 சென்டிமீற்றருக்குள் தலைப்போடு சேர்ந்து அடங்க வேண்டும் என்பதே அளவு.

தாளின் வலது மூலையில் திகதியும், “இப்போது உள்ளது” அல்லது “செய்யப்போவது” என்ற இரண்டில் ஒன்றும் கட்டாயம். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், இன்னும் எழுதாத ஒத்துப்பார்க்கும் நிரலை இருப்பதாக நம்பி கிளாக்கர் கைக்கணக்கை நிறுத்திவிடுவார். கேள்விக்குறிகளின் எண்களைத் தனிப் பட்டியலில் வைத்து, யார் விடை கொண்டுவர வேண்டும் என்று பெயர் போடுங்கள். கேள்விக்குறி தொட்டு நிற்கும் பெட்டிக்கு நிரல் எழுதத் தொடங்க வேண்டாம், மற்றப் பெட்டிகளைத் தொடங்கலாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் தாள்களை நிரலோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகாததைத் திருத்துங்கள். திருத்த ஆளில்லாத தாளை கிட்டிலிருந்தும் சுவரிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.